பல்லு பங்களாவில் அப்பா தோண்டிய குழிகள்

காஜா பெராங்கில் வளர்ந்து எழுபதைத் தாண்டிவிட்ட உங்களில் சிலருக்கு பல்லு பங்களாவை ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வேலியோரம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடுவீர்களே, அதே வீடுதான். இப்போது அந்த இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. கார் நிறுத்த இடமில்லை என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் ஓடிக் கடந்த அந்த வீட்டில் நான் ஏழு மாதம் குடியிருந்தேன். அங்கே நடந்ததை முழுதாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூட இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிச் சொன்னால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு ரப்பர் தவுக்கே, சீன முதலாளி. ரப்பர் விலை கொழித்த காலத்தில், வெள்ளைக்கார நாட்டுக் கோட்டை மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். அந்த நாட்டுப் பக்கம் அவர் போனதே இல்லை. பிஸ்கட் டின் மூடியில் இருந்த ஒரு படத்தைக் கொத்தனார்களிடம் கொடுத்து, இதே மாதிரி கட்டு என்றாராம். படத்தில் கோட்டையின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அதனால் ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு வட்டக் கோபுரம், உச்சியில் பல் பல்லாக வெட்டிய மதில், அம்பு விடுகிற மாதிரி ஒடுக்கமான ஜன்னல்கள். பின்னால் போனால் பசார் கடைகளின் பின்சுவர் மாதிரி வெறும் மொட்டைச் சுவர். அந்த மதிலின் பற்களைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் பல்லு பங்களா என்று பேர் வைத்தார்கள்.

தவுக்கேயின் சம்சாரம் அந்த வீட்டில் ஒரு வாரம்கூடத் தங்கவில்லையாம். ரப்பர் விலை விழுந்தது, தவுக்கேயும் விழுந்தார். பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்தார். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். அவன் அந்த வீட்டில் மூன்றரை வருஷம் இருந்தான். அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "உள்ளே போனவன் வெளியே வந்ததில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சண்டை முடிந்து வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று தோட்டத்து மரங்களையெல்லாம் வெட்டிப்போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் பூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கே வௌவாலும் லாலான் புல்லும்தான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் தைப்பூசம் கழிந்த கையோடு அப்பா அந்த வீட்டுக்கு ஜாகா வேலைக்கு, காவல்காரராகச் சேர்ந்தார். அதுவரை டவுனில் ரோடு போடும் கூட்டத்தில் கங்காணிக்கு அடுத்த ஆளாக இருந்தார். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு, எந்த ஜாகாவும் ஒரு மாதம் தாங்காத இந்த வேலையைக் கேட்டு வாங்கினார்.

அம்மா அழுதாள். "ஒத்தப் பொம்பளப் புள்ளய வச்சிருக்கோம். இதுக்கு முன்ன ரெண்டு தங்கல. இதையும் அங்க கொண்டுபோய்ப் பலி குடுக்கணுமா?" என்றாள்.

"வீடு சும்மா குடுக்கிறாங்க புள்ள. பின்னாடி சமையக்காரன் வீடுதானே. பெரிய வீட்டுக்குள்ள யாரும் போகப்போறதில்ல," என்றார் அப்பா. அப்பா எப்போதுமே பேச்சுக் குறைந்தவர்.

எனக்கு ஒன்பது வயது. அந்த வீட்டில் என்னை நடுங்க வைத்தது பகல்தான். காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவேன். திரும்பி வரும்போது சரியாக உச்சி உருமம். அந்த நேரத்தில்தான் பேய் நடமாடும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். வேலியைத் தாண்டியதும் கோபுரத்தின் நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும். காற்று இருக்காது. மேல்மாடியில் எங்கோ ஒரு கதவு மட்டும் சாத்திச் சாத்தித் திறக்கும். காற்றில்லாமல் கதவு எப்படி அடிக்கிறது என்று நான் நினைத்துப் பார்க்கவே பயந்தேன். கோபுரத்தைப் பார்க்காமல், புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பின்கட்டு வரைக்கும் ஒரே ஓட்டம்.

ஒருநாள் கீழ்த்தளத்து ஜன்னல் பலகை ஒன்று விழுந்து கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டேன். தரையெல்லாம் வௌவால் எச்சம். அழுகிய கொய்யாப்பழ நாற்றம். எதிர்ச்சுவரில் ஆள் உயரத்தில் நாலைந்து இரும்பு வளையங்கள் பதித்திருந்தன. மாடு கட்டுகிற வளையம் மாதிரி. வீட்டுக்குள்ளே எதற்கு மாடு கட்டுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என் வாயைப் பொத்தி, சாம்பிராணி போட ஓடினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டிக் கம்பத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். நம் சாமியைத்தான் கும்பிடுவார். நெற்றியில் திருநீறு இருக்கும். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட செட்டிகள், பேசுவது மட்டும் மலாய். அம்மாவுக்குப் பலகாரம் கொடுக்க வருவார். வேலியைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். அம்மா கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். லாயத்துப் பக்கம் காட்டி, "ஜாங்ஙான் பெர்கி சானா," என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அங்கே போகாதே என்று அர்த்தம். அங்கே குதிரை லாயமும், பலகை போட்டு மூடிய ஒரு பழைய கிணறும், பட்டாளத்தான் வெட்டிப்போட்ட மரங்களின் அடிக்கட்டைகளும் இருந்தன.

நான் போகவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தொப்பு, தொப்பு என்று மண்ணில் விழும் சத்தம். அம்மா துணி துவைத்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். லாலான் புல்லை விலக்கிப் பார்த்தேன். இடுப்பளவு குழிக்குள் அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டை இல்லை. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, கையால் மண்ணை அள்ளி விரலால் நொறுக்கிப் பார்த்தார்.

"இங்கயும் இல்லையா? அப்ப எங்கடா?" என்றார்.

எதிரே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பதில் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து நின்றார். பிறகு மேலே ஏறி, குழியை மூடி, புல்லைப் பிடுங்கி மேலே பரப்பினார்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டைப் பார்த்து இருந்த பயம் எல்லாம் அப்பாமேல் போனது. சோற்றை உருட்டும் அவர் விரல்களைப் பார்ப்பேன். நகக்கண்ணில் சிவப்பு மண். தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். என் தலையைத் தடவ வந்தால் நான் ஒதுங்கினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கிளேபாங்கில் ஐஸ் கம்பெனி லாரி ஓட்டினார். ஞாயிறுதோறும் மீனும் சிரிப்புமாக வருவார். எனக்கு அவரிடம்தான் பயமில்லை. அதனால் அவரிடம் சொன்னேன். சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "எத்தன குழி பாப்பா? எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். லாயம், கிணறு, அடிக்கட்டைகள், அப்பா பரப்பிய புல் காய்ந்து கிடந்ததை வைத்து நான் கண்டுபிடித்திருந்த ஏழு இடம்.

அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் ஒரு பேச்சு இருந்தது உங்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் தோற்றுப் போகும்போது தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனான் என்று. அப்பாவுக்குப் புதையல் தகவல் கிடைத்திருக்கிறது, அதனால்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவளிடம், "அக்கா, அத்தானுக்கு ஏதோ புடிச்சிருக்கு. தனியாப் பேசுறாராம். பூசாரியக் கூப்பிடலாம்," என்றார்.

பூசாரி சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை பகலில் வந்தார். அப்பாவைவிட வயதில் இளையவர், முடியை அள்ளி முடிந்திருந்தார். அப்பா மறுக்கவில்லை. ஈர வேட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்தார். உடுக்கை அடித்தார்கள். வேப்பிலைக் கொத்தால் அடித்தார்கள். அப்புறம் பிரம்பு. முதுகில் ஒவ்வொரு கோடாக எழும்புவதை அம்மாவின் சேலைக்குள்ளிருந்து பார்த்தேன்.

"யாரு நீ? யாரைத் தேடி வந்த? சொல்லு," என்று பூசாரி கத்தினார்.

பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு, அப்பா தலை தொங்கிய நிலையில், "தம்பி," என்றார். "தம்பி... தம்பி..."

அடி தாங்காமல் பூசாரியைத் தம்பி என்று கூப்பிட்டுக் கெஞ்சுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் கோயிலிலேயே இருக்க வேண்டும், பங்களா எல்லையை மிதிக்கக்கூடாது என்று பூசாரி அப்பாவை அழைத்துப் போனார். அம்மாவும் கூடப் போனாள். என்னை மாமாவிடம் விட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் மாமா என்னையும் இரண்டு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்கு வந்தார். கடப்பாரை, மண்வெட்டி, கூடை. "பாப்பா, நீ கோடு போட்டுக் காட்டினியே, அங்க கூட்டிப்போ," என்றார். நான் முன்னே நடந்தேன். அப்பா தோண்டிய ஏழு இடத்தையும் காட்டினேன். மாமா விவரமானவர். அப்பா தோண்டாத இடத்தில் எங்கே மண் உள்வாங்கியிருக்கிறது என்று தேடினார். ஒரு அடிக்கட்டைக்கு இரண்டு கஜம் தள்ளி, புல் மட்டும் கரும்பச்சையாக, பள்ளமாக ஓர் இடம் இருந்தது. அங்கே இறங்கினார்கள்.

மார்பளவு ஆழத்தில் கடப்பாரை எதிலோ பட்டது. மாமா குனிந்து கையை விட்டார். எடுத்தது ஒரு மண்டை ஓடு.

கூட்டாளி ஒருவன் குழியிலிருந்து ஒரே தாவலில் வெளியே விழுந்தான். மாமா அதைக் கீழே போடவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். பிறகு கை, கால், விலா என்று வந்துகொண்டே இருந்தது. தங்கம் அடியில் இருக்கும் என்று ஒருவன் சொன்னான். எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டு இன்னும் ஒரு முழம் தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. ஒன்றும் இல்லை.

"ஜப்பான்காரன் எலும்பு. தொட்டாச்சு. இனி சும்மா விடாது," என்றான் கூட்டாளி. அவசரம் அவசரமாகக் கூடையில் அள்ளினார்கள். பழைய கிணற்றுப் பலகையை நகர்த்தி, கூடை கூடையாக உள்ளே கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர்ச் சத்தம் தாமதமாகக் கேட்டது. குழியை மூடி மிதித்தார்கள்.

மாமா கையைக் கழுவிவிட்டு என் முன்னால் குந்தினார். "பாப்பா, உங்கப்பாகிட்ட இதச் சொன்னா, அது அவரப் புடிச்சுக்கும். மூணே நாள்ல செத்துருவாரு. அம்மாகிட்டயும் சொல்லாத," என்றார்.

அவர் மிரட்டவில்லை. அவர் அதை நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்பா திரும்பி வந்தார். ஒரு வாரம் படுத்திருந்தார். பிறகு மறுபடியும் தொப்பு, தொப்பு. அம்மா தெரிந்தும் தெரியாத மாதிரி அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். ஆடி மாதத்தில் வக்கீல் ஆபீஸ் கிராணி சைக்கிளில் வந்து, பங்களாவை விற்றாகிவிட்டது, மெர்டேக்கா முடிந்ததும் இடிக்க வருவார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா சாமிக்குச் சூடம் ஏற்றினாள். அப்பா அன்றையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கே வரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு குழி தோண்டினார்.

நான் அவர் தோண்டுவதைப் பார்த்தேன். இல்லாத ஒன்றைத் தேடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். அவர் என்ன தேடுகிறார் என்று மட்டும் தெரியாது. சொன்னால் செத்துவிடுவார். சொல்லாவிட்டால் தோண்டித் தோண்டியே செத்துவிடுவார் போல இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. வந்து வந்து போனது.

மெர்டேக்கா அன்று டவுனே பாடாங் திடலில் கூடியது. அம்மாவை அழைத்துப் போக மாமா லாரி கொண்டுவந்தார். காய்ச்சல் என்று நான் அப்பாவோடு நின்றுவிட்டேன். பகல் பதினொரு மணி இருக்கும். தூரத்தில் பேண்டு வாத்தியச் சத்தம் கேட்டது. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். அவர் குழிக்குள் இறங்கி, முதல் வெட்டு வெட்டும்போது சொன்னேன்.

"அங்க இல்லப்பா. கெணத்துல இருக்கு."

அப்பா நிமிர்ந்தார். "என்ன இருக்கு?"

"எலும்பு. மாமாவும் அவங்க கூட்டாளியும் எடுத்துக் கெணத்துல போட்டுட்டாங்க. நான்தாம்ப்பா எடம் காட்டினேன். நீங்க செத்துருவீங்கன்னு சொன்னாங்க. அதான் சொல்லல."

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மேலே ஏறி வந்தார். மண் கையோடு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிக்குது. நிழல்ல உக்காரு," என்றார்.

லாயத்துத் தூணில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினார். அடியில் இடுப்பளவு தண்ணீர். மூச்சைப் பிடித்து முங்கி, சேற்றில் தடவித் தடவி, கிடைத்ததை வாளியில் போட்டார். மேலே வந்து வாளியை இழுத்துக் கொட்டினார். மறுபடி இறங்கினார். ஐந்து தடவை. பிறகு தன் வேட்டியை விரித்து, கிணற்றுத் தண்ணீராலேயே ஒவ்வொன்றாகக் கழுவி வரிசையாக வைத்தார். கழுவிக்கொண்டேதான் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

ஜப்பான் காலத்தில் செங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பாவையும் அவர் தம்பியையும் இந்த வீட்டில் வேலைக்குப் பிடித்து வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இருபத்து மூன்று வயது, சித்தப்பாவுக்குப் பதினெட்டு. ஒருநாள் மங்குஸ்தான் மரத்தடியில் ஒரு குழி தோண்டச் சொன்னார்கள். அப்பா தோண்டினார். ஆள் உயரம். வேலை சுத்தம் என்று ஒருவன் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தானாம். பிறகு டவுனுக்கு மூட்டை தூக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது குழி மூடியிருந்தது. தம்பி இல்லை. ஒரு பொட்டலம் உப்பு எடுத்ததற்காக என்று சமையல்காரன் சொன்னான்.

"யாருக்குன்னு தெரியாமத் தோண்டினேன் பாப்பா," என்றார் அப்பா.

ஜப்பான்காரன் ஆள் பிடித்துப்போன சயாம் ரயில் ரோட்டுக்குப் போய்த் தம்பி செத்துவிட்டான் என்று அப்பா ஊருக்கும் எழுதிவிட்டார். அம்மாவுக்கும் அதையே சொல்லியிருந்தார். இடம் அவருக்குத் தெரியும், மரங்கள்தான் அடையாளம். பட்டாளத்தான் மரங்களை வெட்டி, வண்டி போக மேட்டைச் சரித்து, எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். வெறும் அடிக்கட்டையைப் பார்த்து எது மங்குஸ்தான் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்த வேட்டியைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அப்பாவின் கையைப் பார்க்க முடிந்தது.

மூன்று மணிக்கு மேல் அம்மாவும் மாமாவும் காகிதக் கொடியோடு வந்தார்கள். எங்களைத் தேடிக்கொண்டு லாயத்துப் பக்கம் வந்தவர்கள் வேட்டியைக் கண்டதும் நின்றார்கள்.

"யாருங்க இது?" என்றாள் அம்மா.

"உன் கொழுந்தன்," என்றார் அப்பா.

"அவரு சயாம்ல..."

"சயாமுக்குப் போகல."

அம்மா நின்ற இடத்திலேயே கொடியை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா அப்பாவின் காலில் விழப் போனார். அப்பா காலை நகர்த்திக்கொண்டார். "அதெல்லாம் வேணாம் மச்சான். இங்க வா. எனக்கு ஒண்ணு சந்தேகமா இருக்கு. எண்ணிப் பாரு," என்றார்.

மாமா எண்ணினார். தொடை எலும்பு மூன்று இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தான் தோண்டின குழியில் இன்னொருத்தரும் இருந்திருக்கிறார் என்று கடைசியில் அப்பாதான் சொன்னார். அன்றே மாமா கிணற்றில் இறங்கினார். நீந்தத் தெரியாதவர், தண்ணீருக்குப் பயந்தவர். இருட்டும் வரைக்கும் சேற்றைத் துழாவினார். நாலாவது கிடைக்கவில்லை. இரண்டாவது தலையும் கிடைக்கவில்லை.

போலீசுக்குச் சொன்னார்கள். ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். கிடைத்ததையெல்லாம் ஒன்றாகவே எரித்து, கிளேபாங் கடலில் கரைத்தோம். இடிக்க ஆள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. மாமா லாரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மிச்ச எலும்புக்காகவும், இன்னும் யாராவது இருக்கிறார்களோ என்றும், தினமும் அப்பாவோடு சேர்ந்து தோண்டினார். இப்போது ஒளிவு மறைவு இல்லை. பேச்சும் இல்லை. ஆளுக்கு ஒரு மண்வெட்டி. அம்மா நடுப்பகலில் சோறு கொண்டுபோய் அடிக்கட்டை மேல் வைப்பாள். கோபுரத்தை உடைக்க வந்தவர்கள் முதல் கல்லைத் தள்ளிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் தோட்டத்தில் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். போங்கள் என்று விரட்டின பிறகுதான் வந்தார்கள்.

வருஷா வருஷம் சித்தப்பாவுக்குப் படைக்கும்போது அம்மா இரண்டு இலை போட்டாள். முதல் வருஷம் இரண்டாவது இலைக்கு என்ன வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீனனோ, மலாய்க்காரனோ, நம் ஆளோ. பன்றியும் வேண்டாம், மாடும் வேண்டாம் என்று யோசித்து, கடைசியில் வெறும் சோறும் மீனும் வைத்தாள். அப்பா எழுந்து போய் அந்த இலையில் ஒரு சிட்டிகை உப்பு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.